ஐந்து வருடத்துக்குப் போட்ட கணக்கு

என் கணவர் அந்தக் கணக்கை ஸ்கேன் படம் வைத்துத் தந்த பெரிய பழுப்பு உறையின் பின்பக்கத்தில் போட்டார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் எங்கள் இலக்கத்தைக் கூப்பிடும் வரை காத்திருந்தோம். கையில் இருந்த தாள் அது ஒன்றுதான். முன்பக்கத்தில் அவருடைய பெயரும் வயதும் நோயாளர் இலக்கமும் இருந்தன. பின்பக்கத்தை நடுவில் ஒரு கோட்டால் பிரித்து, இடப்புறம் பெற்றோல் என்றும் வலப்புறம் கரண்ட் என்றும் எழுதினார். கோட்டை அடிமட்டம் இல்லாமலே நேராகப் போட்டிருந்தார். மன்னாரில் நீண்ட காலம் வர்த்தகப் பாடம் படிப்பித்தவர்.

கணக்குக்குக் காரணம் இருந்தது. எங்களிடம் இருந்த பழைய கார் கியர் மாற்றி ஓட்டும் கார். மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அவருடைய இடது கால் மரத்துப் போனது. கிளச்சை மிதித்தால் மிதித்தது அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது, ஆனால் கியர் எனக்குச் சரிவரவே இல்லை. ஒரு தடவை ஓட்டிப் பழகப் போய் எங்கள் வீட்டு வேலியையே சாய்த்தவள் நான். ஆகவே மூன்று கிழமைக்கு ஒரு தடவை வாடகை வானில் யாழ்ப்பாணம் போனோம். வாந்தி வந்தால் நிறுத்தச் சொல்லி இன்னொரு மனிதரைக் கேட்க வேண்டியிருந்தது. செலவைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கியர் இல்லாத இரண்டு கார்கள் விலைக்கு இருந்தன. ஒன்று எருக்கலம்பிட்டியில், பெற்றோலில் ஓடுவது. மற்றது வவுனியாவில், கரண்டில் ஓடுவது. இரண்டும் பாவித்த கார்கள். கரண்ட் காருக்கு விலை கூடுதல். ஓட்டும் செலவில் மிச்சம் பிடித்து, கூடுதலாகக் கொடுக்கும் விலையை எவ்வளவு காலத்தில் திருப்பி எடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

எருக்கலம்பிட்டிக் கார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மச்சானுடையது. பக்கத்து வீட்டுக்காரர் பசாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. நாங்கள் இருவரும் அவரை அண்ணன் முறையில் நானா என்போம். அவர் என் கணவரை மாஸ்டர் என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார். ஒரு பின்னேரம் எங்கள் வாசலில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"மாஸ்டர், சும்மா படிச்ச கதை கதைக்கப்படாது. கரண்ட் கார் பழுதானா மன்னாரில ஆர் பாக்கிறது? போட் எஞ்சின் பாக்கிற பெடியன்களோ?"

"பழுதாகிறதுக்கு அதுக்குள்ள என்ன கிடக்கு, நானா? ஒயில் இல்லை, கியர் இல்லை, சைலன்சர் இல்லை."

"பற்றரி கிடக்குதே. அது செத்தாக் கார் செத்தமாதிரி."

"தட்டுப்பாட்டு நேரம் பெற்றோல் வரிசையில நிண்டதை மறந்திட்டீங்கள்போல."

"மறப்பனோ? சாரத்தோட பெற்றோல் செட்டில படுத்துக் கிடந்தனான். ஆனா அப்ப கரண்ட் மட்டும் இருந்ததோ? நான் செட்டில நிண்டிருப்பன், நீங்கள் வீட்டில இருட்டுக்குள்ள காருக்குப் பக்கத்தில குந்தியிருந்திருப்பீங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்."

என் கணவர் சிரித்தார். எங்கள் வீடு தாழ்வுபாட்டு வீதியில் இருக்கிறது. மாமரத்துக்கு மேலால் காற்றாலைகளின் இறக்கைகள் தெரியும். அவற்றைக் கையால் காட்டினார்.

"அங்க பாருங்கோ. எங்கட தீவில, எங்கட காத்தில செய்யிற கரண்ட்."

"செய்யிறது இஞ்ச, விலை சொல்லுறது கொழும்பில. மீனும் அப்பிடித்தானே மாஸ்டர்? பிடிக்கிறவனுக்கு என்ன மலிவாவோ கிடைக்குது?"

நானா போன பிறகு என் கணவர் உறையை என்னிடம் நீட்டினார். "இதை ஒருக்காப் பாரும்."

நான் பல வருடம் ஒரு பத்திரிகையில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தவள். கூட்டல் பிழை, கிராமத்தின் பெயரில் பிழை, இறந்தவரின் வயதில் பிழை எல்லாம் எங்கள் மேசையில்தான் பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் மறுநாள் காலை ஊர் முழுக்கப் பிடிக்கும். திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் போடும் கணக்குகளையும் அப்படியே பார்த்தேன். அவருக்கு அதில் கோபம் வந்ததில்லை.

பெற்றோல் பக்கம் சரியாக இருந்தது. ஒரு லீற்றரின் விலை, ஒரு லீற்றரில் ஓடும் தூரம், மாதத்துக்கு எவ்வளவு ஓட்டம், ஒயில் மாற்றும் செலவு. கரண்ட் பக்கத்தில் பிழை இருந்தது. எங்கள் கடைசிப் பில்லில் இருந்த யுனிட் விலையை எடுத்து, காருக்குத் தேவையான யுனிட்டுகளால் பெருக்கியிருந்தார். அது கார் இல்லாத வீட்டின் பில். இங்கே வீட்டுக் கரண்டுக்கு ஒரே விலை கிடையாது. குறைவாகப் பாவித்தால் யுனிட்டும் மலிவு. கூடப் பாவிக்கப் பாவிக்க ஒவ்வொரு படியாக விலை ஏறும். காரைச் செருகினால் வீடு அடுத்த படிக்குப் போய்விடும். காருக்கு மட்டும் கீழ்ப்படி விலையைப் போட முடியாது.

"ஓம்" என்றார். "எந்த நாளும் பிள்ளையளுக்குச் சொல்லுறனான், விலைப்பட்டியலை முழுக்க வாசிக்கச் சொல்லி." பிறகு திருத்திப் போட்டார். கரண்ட் பக்கம் அப்போதும் வென்றது. ஆனால் கூடுதல் விலையைத் திருப்பி எடுக்கும் காலம் நான்கு வருடமாக இருந்தது, ஐந்தாகியது.

அதற்கு முந்திய கிளினிக்கில், அவரை உடல் நிறை பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்த நேரம், நான் டொக்டரிடம் தனியாகக் கேட்டிருந்தேன். டொக்டர் முதலில் எண் சொல்லவில்லை. நான் எண்ணாகச் சொல்லும்படி கேட்டேன். அது தொழிலில் வந்த பழக்கம். இதிலிருந்து இதுவரை என்று ஒரு அளவு சொன்னார். அதன் மேல் நுனி ஐந்து வருடத்துக்குக் கிட்டவும் வரவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, நிறை எவ்வளவு என்று அவரைக் கேட்டேன்.

பத்திரிகை மேசையில் சந்தேகமான எண் வந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவோம். அந்த ஐந்துக்குப் பக்கத்தில் நான் எதுவும் போடவில்லை. "இப்ப சரி" என்று உறையைத் திருப்பிக் கொடுத்தேன்.

கரண்ட் காரை வாங்கினோம். வெள்ளை நிறம். முன் இருக்கையில் முந்திய சொந்தக்காரரின் பிள்ளை ஒட்டிய படம் ஒன்று உரியாமல் இருந்தது. நானா வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜுக்கு நாலு சில்லுப் பூட்டினமாதிரி இருக்கு" என்றார். ஆனால் காரைச் செருகி ஏற்றும் இடத்துக்குத் தடித்த வயர் இழுக்க நல்ல எலெக்ட்ரீசியனைப் பிடித்துத் தந்தவரும் அவர்தான். நான் இரண்டு கிழமை தாழ்வுபாட்டு வீதியில் ஓட்டிப் பழகினேன். கருவாடு காயும் பாய்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவால் சத்தமில்லாமல் போனேன். சத்தம் இல்லாததால் ஒருவரும் விலகவில்லை. பேசாமல் பின்னால் ஊர்ந்துகொண்டு, அவர்கள் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்தேன்.

பற்றரி பழையது. முழுக்கக் கரண்ட் ஏற்றினால் யாழ்ப்பாணம் வரை போகும், திரும்பி வராது. அதனால் அங்கே என் மச்சாள் வீட்டில், அதாவது அவருடைய தங்கை வீட்டில், இரவு தங்கி ஏற்றினோம். முதல் தடவை என் கணவர் கரண்டுக்கென்று ஒரு தொகையை மேசையில் வைத்தார். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு.

மச்சாள் அதைத் தொடவில்லை. "என்ன அண்ணா இது? நாளைக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா அதுக்கும் காசு வைப்பீங்களோ?"

"அது வேற, இது வேற பிள்ளை. உன்ரை பில் கூடுமெல்லே."

"கூடட்டும். அண்ணன் வந்து நிண்ட கரண்டுக்குக் காசு வாங்கினவள் எண்டு சனம் சொல்லவோ? எடுங்கோ அதை."

எடுத்தார். அடுத்த தடவையிலிருந்து தாழ்வுபாட்டில் நல்ல கருவாடு வாங்கிக்கொண்டு போனோம். கருவாட்டை மச்சாள் மறுக்கவில்லை. கருவாட்டின் விலையையும் கரண்ட் பக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் சேர்த்தார். நானாவுக்கு இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் காரைப் பற்றி யார் கேட்டாலும், "அது கருவாட்டில ஓடுற கார்" என்று சொல்லத் தொடங்கினார்.

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். வரும்போது முகத்துக்கு நேரே அடிக்கும். இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று காரின் கண்ணாடிக்குக் கீழே ஒரு எண் தெரியும். போகும்போது அது நாங்கள் ஓடும் தூரத்துக்கு ஏற்ற மாதிரிக் குறையும். வரும்போது அதைவிட வேகமாகக் குறையும். ஏசி போட்டால் இன்னும் வேகமாக.

அப்படி ஒரு நாள் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முதல் நாள் மருந்து ஏற்றியிருந்தார்கள். சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பூநகரி தாண்டியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். சட்டை நனைந்திருந்தது.

"இஞ்சருங்கோ, ஏசியைப் போடட்டோ?"

"எவ்வளவு காட்டுது?"

சொன்னேன்.

"வீட்டுக்கு எவ்வளவு கிடக்கு?"

அதையும் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை.

"அப்ப வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிடும். மெதுவா ஓடும்."

கண்ணாடியை இறக்கினால் காற்றுப் பிடித்து அதுவும் பற்றரியைக் குடிக்கும். அது இருவருக்கும் தெரியும். பாதி இறக்கினேன். வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட அவர் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் கதவைத் திறந்து, குனிந்து வாந்தி எடுத்தார். நான் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வீதி ஓரத்து மரத்தின் வேரில் குந்தினார். ஒரு உழவு இயந்திரம் எங்களைக் கடந்து போனது. அதை ஓட்டியவர் உதவி வேண்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று கையால் சொன்னேன்.

"டொக்டரிட்ட நானும் கேட்டனான்" என்றார்.

"என்னத்தை?"

"நீர் கேட்டதைத்தான். நிறை பாக்கிற அறைக்குக் கதவு இல்லை."

நான் போத்தலின் மூடியைப் பூட்டினேன். "அப்ப ஏன் ஐஞ்சு எண்டு போட்டனீங்கள்?"

"நான் நாலெல்லோ போட்டனான். நீர்தான் ஐஞ்சாக்கினது." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அது நின்ற பிறகு சொன்னார்: "கார் ஐஞ்சு வருசம் ஓட வேணும் எண்டுதானே கணக்கு. நான் ஓட வேணும் எண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கணக்கை நான் வரி வரியாகப் பார்த்தவள். தூரம் இருந்தது, விலை இருந்தது, கருவாடுகூட இருந்தது. ஓட்டுபவர் யார் என்ற வரி இல்லை. கியர் இல்லாத காரை யாருக்காகத் தேடினார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனைவிக்கு என்ன தோன்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதி வந்த கட்டுரைகளில் அதைப் பல தடவை திருத்தியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காரில் தெரிந்த அந்த எண் மட்டும் மனதில் நின்றது. நாங்கள் நின்றுகொண்டிருந்ததால் அது குறையவில்லை.

"வாங்கோ, போவம்" என்றேன்.

இலுப்பைக்கடவையில் எண்ணும் தூரமும் சமமாயின. அதற்குப் பிறகு எண் தூரத்துக்கும் கீழே போனது. நான் இன்னும் மெதுவாக்கினேன். மோட்டார் சைக்கிள்கள் எங்களைக் கடந்து போயின. பிறகு ஒரு சைக்கிளும் கடந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே வந்தவர் ஒருவர் எங்களை இரங்கிப் பார்த்தார். வீதி வளைந்து காற்று பக்கத்துக்கு மாறியதும் எண் குறைவது நின்றது. தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது, இனி வீடு போய்ச் சேரலாம் என்று தெரிந்தது. ஏசியைப் போட்டேன். அவர் முகத்தைக் குளிர்காற்றுக்கு நேரே கொண்டுபோனார். பாலத்தின் நீளம் முழுக்க அப்படியே இருந்தார்.

அதன் பிறகு இன்னும் சில தடவைகள் போனோம். பிறகு போக வேண்டாம் என்று டொக்டரே சொன்னார். வீட்டுக்கு ஒட்சிசன் இயந்திரம் ஒன்று வாடகைக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடியது. கார் போடாத சத்தத்தை அது போட்டது. மீற்றர் பார்ப்பவர் வந்து பில்லைக் கொடுக்கும்போது மீற்றரை இரண்டாம் தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார். வீடு கடைசிப் படிக்குப் போய்விட்டிருந்தது. மருந்தகத்துக்கும் சந்தைக்கும் மட்டும் நான் ஓட்டிய கொஞ்ச ஓட்டத்துக்கும் அதே உச்ச விலை.

ஒவ்வொரு பில்லுக்கும் அவர் கேட்டார். "எந்தப் படி?"

சொன்னேன்.

"அப்ப நானாட மச்சான்ர கார்தான் லாபம்" என்றார். மூக்கில் குழாயோடு அவர் சொன்ன கடைசிப் பகிடிகளில் அது ஒன்று. நானா பக்கத்தில் இருந்தார். "நான் அண்டைக்கே சொன்னனான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனார். வெகு நேரம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரிமழை தொடங்க முன் அவர் இறந்தார். பந்தல் போட முற்றத்திலிருந்து காரை எடுக்க வேண்டியிருந்தது. நான் உள்ளே இருந்தேன். நானா சாவியை வாங்கிக்கொண்டு போய்க் காரில் ஏறி இருந்தார். கொஞ்ச நேரத்தில் யன்னலருகே வந்து மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, இது இப்ப ஸ்டார்ட்டோ இல்லையோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை."

"ஸ்டார்ட்தான் நானா. மெதுவா மிதியுங்கோ."

அன்றைக்கு நான் ஒருவருக்குச் சொன்ன முதல் முழு வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சில நாட்களில் பில் வந்தது. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். ஒரு ஆளின் காற்றாடி, ஒரு ஆளின் வெளிச்சம். காரையும் ஏற்றியிருந்தேன், ஆனால் கொஞ்சம்தான். வீடு கீழ்ப்படிக்கு வந்திருந்தது. உறையை எடுத்துப் பார்த்தேன். பில்லில் இருந்த யுனிட் விலை, நான் திருத்துவதற்கு முன் அவர் போட்டிருந்த விலை. வெட்டிய கோட்டுக்குக் கீழே அது வாசிக்கக்கூடியதாகவே இருந்தது. என் திருத்தம் இரண்டு ஆட்கள் இருக்கும் வீட்டுக்குச் சரி. ஒரு ஆள் இருக்கும் வீட்டுக்கு அவருடைய எண் சரி.

இதை நான் நானாவுக்குச் சொன்னேன். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் பில்லையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாலு வருசமோ, தங்கச்சி?"

"இல்லை நானா. ஓடினாத்தான் மிச்சம். நான் இப்ப எங்க ஓடுறன்? இப்பிடியே நிண்டாப் பத்து வருசம் போனாலும் அந்தக் காசு திரும்பாது."

"விக்கிற யோசினையோ? மச்சான் இப்ப கேக்கிறான். பெற்றோல் அடிச்சுக் களைச்சுப் போனானாம்."

"இல்லை."

அவர் தாடியைத் தடவினார். பேச்சை மாற்றுவது போல, தன் மனைவிக்கு யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக் இருக்கிறது என்றும், வாடகை வானுக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். வானுக்குச் சொல்ல வேண்டாம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"அப்ப கரண்டுக்கு எவ்வளவு எண்டு சொல்லிப்போடுங்கோ."

"கரண்டுக்கு ஆரும் காசு வாங்கிறதோ நானா?"

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை விடிய, நானாவின் மனைவி முன் இருக்கையில் ஏறினார். காலடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு கருவாட்டுப் பொதிகள். மச்சாள் வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "மணக்குமோ, தங்கச்சி?" என்று கேட்டார். மணக்கும் என்றேன். காரில் ஓடக்கூடிய தூரம் முழு எண்ணைக் காட்டியது. வெள்ளாங்குளத்தில் அந்த மரத்தடி வந்தபோது, ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். வாடைக்காற்று எதிரேதான் அடித்தது.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எண்ணைப் பார்த்தேன். போதுமாக இருந்தது.